சுங்கக் கணக்கரை விட்டது யார்?

ஆடிக் காற்றில் எங்கள் கடை மாடியில் உட்கார்ந்து காகித வேலை எதுவும் செய்ய முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழைகிற காற்று கோயம்புத்தூரைப் பார்த்து ஓடும் வழியில் கொழிஞ்சாம்பாறைக்காரர்களின் தலைமேல் ஏறி மிதித்துவிட்டுத்தான் போகும். அதனால் அன்றைக்கு, நாங்கள் வேடம் போட்டு ஆடும் கதை விளையாட்டின் நான்கு கேரக்டர் ஷீட்களின் மேலும் ஆளுக்கொரு பெயிண்ட் டப்பா இருந்தது. காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்த மேப்புக்கு மூலைக்கொன்றாக இன்னும் நான்கு. மேப்பின் நடுவில் ஒரு சோடா மூடி. கை கட்டப்பட்டு மண்டியிட்டிருக்கும் சுங்கக் கணக்கர் அதுதான். அந்த மூடியைக் கொல்வதா விடுவதா என்று இரண்டே முக்கால் மணி நேரம் பேசினோம். கீழே இருந்து வந்த பழம்பொரி ஆறிப்போய், எண்ணெய் காகிதத்தில் இறங்கிவிட்டது.

அந்த மதியத்தையும் அதற்கு அப்புறம் வந்த நான்கு ஞாயிறுகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதையைச் சொல்லி, எதிரே வருகிறவர்களின் குரலில் பேசி ஆட்டத்தை நடத்திய கேம் மாஸ்டர் நான். அன்றைக்கு மேசையில் நடந்த தப்புகளில் பெரியது என்னுடையது. அது எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

முதலில் இடத்தைப் பற்றி. கொழிஞ்சாம்பாறை இருப்பது சித்தூர் தாலுகாவில். ஆந்திராச் சித்தூர் இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம், வேலைக்கும் துணிக்கடைக்கும் கோயம்புத்தூர். மன்னர் காலத்தில் சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. பக்கத்துப் பாலக்காடு வெள்ளைக்காரர்களின் மலபார் ஜில்லா. ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்தில் ராஜ்யம் மாறிவிடும். வேலந்தாவளம், கோபாலபுரம், வாளையார் என்று வரிச் செக்போஸ்ட்களில் லாரிகள் வால் நீட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிசை போனது, கதைகள் போகவில்லை. அரிசியை மாநிலம் தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் எந்தப் பாட்டி எந்தப் பஸ்ஸில் இடுப்பில் எத்தனை படி கட்டிக்கொண்டு போனாள், எந்தச் சிப்பாய் பார்த்தும் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான் என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நல்லவனா கெட்டவனா என்பது, அவன் யாருக்காகத் திருப்பினான் என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் மனதில் இருந்ததால்தான் என் கதைக்கு நான் மலைக்கணவாயையும் சாவடியையும் தேர்ந்தெடுத்தேன்.

நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. ஆளுக்கொரு வேடம் எடுத்து, பேசியும் டைஸ் உருட்டியும் ஒரு கதைக்குள் நடக்கிற விளையாட்டு. மேசையில் நான்கு பேர். லாரி ஒர்க்ஷாப் வைத்திருக்கும் தம்பி பாலடின் ஆடுகிறான். சத்தியம் செய்துகொடுத்து அந்தச் சத்தியத்திலிருந்தே சக்தி பெறும் வீரன். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் நர்ஸ், வேலையில் பார்ப்பது போதும் என்று வைத்தியம் தெரிந்த கேரக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோடாலி தூக்கும் முரட்டு ஆளை எடுத்துக்கொண்டார். என் அக்கா பையன் வில்லாளி. நான்காவது, தமிழ் மீடியம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அவர் திருடி. மேசையிலேயே அமைதியானவர் அவர்தான், பூட்டைத் திறப்பதிலும் சரி, பேச்சிலும் சரி.

இனி வழக்கு.

இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே ஒரு கணவாய், அதில் ஒரு சாவடி. சாவடியில் இருபது வருடமாக ஒரே கணக்கர். பஞ்சம் வந்த வருடங்களில் வரி கட்ட முடியாமல் குழந்தைகளோடு வந்து நின்ற குடும்பங்களை அவர் உள்ளே விட்டார். ஏட்டில் அவர்களை ‘உப்பு மூட்டை’ என்று எழுதினார், ஏனென்றால் உப்புக்கு வரி இல்லை. அறுபது குடும்பத்துக்கு மேல் இப்படி மூட்டையாகவே மலை தாண்டியிருக்கிறது. கொள்ளைக் கூட்டம் ஒன்றுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. முதலில் காசு கொடுத்தார்கள், அப்புறம் ஏட்டைக் காட்டிக்கொடுப்போம் என்று மிரட்டினார்கள். அவர்களுடைய சரக்கும் உப்பு மூட்டை ஆனது. கடைசியில் ஒரு நாள், காவல் மாறும் நேரத்தைக் கேட்டார்கள். கணக்கர் சொன்னார். அன்று இரவு வண்டிப்பேட்டை எரிந்தது. பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருவன் திருடியின் அண்ணன். இது டீச்சர் முதல் நாளிலேயே எழுதிக்கொடுத்த முன்கதை, நான் சேர்த்ததல்ல.

சிக்கலின் முடிச்சு அந்த ஏட்டில் இருந்தது. கணக்கரை ஊர்ச் சபையில் ஒப்படைத்தால் சபை ஏட்டைக் கேட்கும். ஏட்டைத் திறந்தால் கொள்ளையர்களோடு சேர்ந்து அந்த அறுபது குடும்பங்களும் வெளியே வரும். ஒரே பேனாவால் எழுதிய ஒரே பொய், இரண்டையும் தனித்தனியாகக் கிழிக்க முடியாது. இதை யோசித்துக் கண்டுபிடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை.

பதினான்காவது செஷனில் கணக்கர் பிடிபட்டார். பிடிபட்ட விதமே தற்செயல்தான். இந்தப் பதிப்பில் ஒரு விதி உண்டு: கையில் பிடித்த ஆயுதத்தால் அடித்து எதிரியின் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யத்துக்கு வந்தால், கொல்லாமல் மயக்கம் போடவைப்பதாக அடித்தவர் சொல்லிக்கொள்ளலாம். அம்புக்கு அந்தச் சலுகை இல்லை. அன்றைக்கு யார் முறை முதலில் என்று பார்க்கும் இனிஷியேட்டிவ் டைஸில் பாலடினுக்குப் பதினேழு, வில்லாளிக்குப் பதினான்கு. பையனின் முறை முதலில் வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மயக்கம் தெளிந்த கணக்கரைச் சுற்றி பாலடின் ஒரு மந்திரம் போட்டான். பதினைந்து அடி வட்டம், பத்து நிமிடம். அதில் சிக்கியவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்கலாம், சுற்றி வளைத்தும் பேசலாம். கணக்கர் தப்பிக்க நான் உருட்டிய டைஸில் ஆறு விழுந்தது. சிக்கினார். பையன் செல்போனில் பத்து நிமிடம் டைமர் வைத்தான்.

எட்டு நிமிடம் வரை மற்ற மூவரும்தான் கேட்டார்கள். எத்தனை கொள்ளையர், எங்கே ஒளிந்திருக்கிறார்கள், எவ்வளவு காசு வாங்கினாய். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. “பேட்டையில் ஆள் சாவார்கள் என்று உனக்குத் தெரியுமா?” என்று நர்ஸ் கேட்டார். நான் கணக்கரின் குரலில், “அன்றைக்கு ராத்திரி அங்கே யாரும் தங்கமாட்டார்கள் என்று சொன்னார்கள்” என்றேன். மேசையில் ஒரு பெருமூச்சு. பாவம், ஏமாற்றப்பட்டவன். மூன்று பேர் முகத்திலும் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

டீச்சர் டப்பாவை நகர்த்திவிட்டு நிமிர்ந்தார். “அவங்க சொன்னாங்கன்னு சொல்றான். நீ நம்புனியான்னு கேளுங்க.”

கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. மந்திரம் மௌனத்தை அனுமதிக்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் பேசவில்லை, காற்று மட்டும் ஜன்னல் கொக்கியை ஆட்டிக்கொண்டிருந்தது. டைமர் அடித்தது.

இந்த ஆட்டத்தை நடத்தி நான் பார்த்த மிகச் சிறந்த ஒரு நிமிடம் அது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் மோசம்.

வாதம் தொடங்கியது. பாலடினுக்கு அவனுடைய சத்தியமே பிடிமானம். அவன் எடுத்திருப்பது பக்திச் சத்தியம். எதிரிக்கு இரக்கம் காட்டு, ஆனால் அறிவோடு காட்டு என்பது அதன் ஒரு பகுதி. அதில் முதல் பாதியை அவன் சத்தமாகச் சொன்னான். 1975-இல் பாலடின் முதன்முதலாக விதிப்புத்தகத்தில் வந்தபோது ஒரே ஒரு தவறு செய்தாலும் பட்டம் போய்விடும், திரும்பக் கிடைக்காது. இன்றைய விதிகள் அவ்வளவு கறார் இல்லை, ஆனாலும் அந்த வேடம் போடுகிறவர்களுக்கு அந்தப் பயம் மட்டும் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. மண்டியிட்டவனை வெட்டினால் தன் சக்தியை நான் பிடுங்கிக்கொள்வேனோ என்று தம்பி என் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பேசினான்.

நர்ஸ் சொன்னது வேறு. “எங்க ஐசியூல குடிச்சிட்டு வண்டி ஓட்டி இடிச்சவனும் இடி வாங்குனவனும் பக்கத்து பக்கத்து பெட்ல கெடப்பாங்க. யாருக்கு முதல்ல டியூப் போடறதுன்னு பார்க்கறப்ப யாரு இடிச்சான்னு நாங்க கேக்கறதில்ல. கேக்க ஆரம்பிச்சா வேலை செய்ய முடியாது.” இதற்கு மேசையில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஐசியூவில் நர்ஸ் தீர்ப்புச் சொல்வதில்லை, தீர்ப்பை வெளியே இருப்பவர்களுக்கு விட்டுவைக்கிறார். எங்கள் மேசைக்கு வெளியே யாரும் இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அக்கா பையன் கேட்டது ஒன்றே ஒன்று. “மாமா, இவனை விட்டா எக்ஸ்பி உண்டா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நியாயமானது. கணினி விளையாட்டில் வளர்ந்த பையன். கொன்றால் அனுபவப் புள்ளி, புள்ளி ஏறினால் லெவல் என்பதுதான் அவன் கைக்குப் பழகிய கணக்கு. அந்தக் கணக்கையே கேலி செய்து 2015-இல் டோபி ஃபாக்ஸ் ‘அண்டர்டேல்’ என்று ஒரு விளையாட்டு செய்தார். எதிரே வரும் எல்லோரையும் கொல்லாமலே கடக்கலாம். கடைசிக்குப் பக்கத்தில்தான் சொல்வார்கள், எக்ஸ்பி என்றால் அனுபவம் என்று நீ நினைத்துக்கொண்டாய், அது நீ கொன்றதன் கணக்கு என்று. எங்கள் மேசையில் கதையின் கட்டத்துக்குத்தான் லெவல், தலைக்கு இவ்வளவு என்று கிடையாது. அப்படியானால் விட்டாலும் நஷ்டமில்லை என்று பையன் உடனே கட்சி மாறினான்.

மணி ஐந்தரை. நர்ஸுக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். “சரி, கை தூக்குங்க” என்றேன். விடுவதற்கு மூன்று கை. டீச்சர் கையைத் தூக்கவும் இல்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. “மூணு பேர் சொன்னா சரிதானுங்க” என்று டைஸைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

என் பெரிய தப்பு என்று சொன்னேனே, அது இந்த ‘கை தூக்குங்க’தான். அடுத்த வாரம் வெளியே வந்தது இன்னொரு தப்பு. நான் முதலில் அதைத்தான் பெரிதாக நினைத்தேன்.

பதினைந்தாவது செஷன். காற்று இன்னும் பலம். எல்லாத் தாளுக்கும் டப்பா வைத்தவன் என் நோட்டுக்கு வைக்க மறந்தேன். பக்கம் புரண்டு டீச்சர் பக்கமாகத் திறந்து நின்றது. கணக்கு டீச்சர்கள் தலைகீழாக இருக்கும் கையெழுத்தையும் படிப்பார்கள். அதில் நான் எழுதியிருந்தது: ‘விட்டால், பத்தொன்பதாவது செஷனில் பாலம் அறும்போது கணக்கர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இவர்களைக் காப்பாற்றி உயிரை விடுவார். கொன்றிருந்தால், பாலத்தில் யாரும் வரமாட்டார்கள்.’

“அப்ப நாங்க மன்னிக்கலீங்க,” என்றார் டீச்சர். “அட்வான்ஸ் கட்டியிருக்கோம்.”

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த ஆசை எப்போதும் உண்டு. இரக்கம் காட்டியவனுக்குக் கைமேல் பலன் கொடுத்தால்தான் கதை நிறைந்ததுபோல் இருக்கும். பெரிய விளையாட்டுகளிலும் இதுவே. பையன் ஒரு உதாரணம் எடுத்துக்கொடுத்தான், 2007-இல் வந்த ‘பயோஷாக்’. துப்பாக்கி விளையாட்டுதான், ஆனாலும் விஷயம் பொருந்தும். அதில் சிறுமிகளின் உடலில் ஒரு சக்திப் பொருள் இருக்கும். சிறுமியைக் கொன்று எடுத்தால் 160 அலகு, காப்பாற்றிவிட்டால் 80. ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றினால் ஒரு பரிசுப் பொட்டலம் வரும், அதில் 200. டீச்சர் பழம்பொரிக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்தார். “மூணு கொன்னா 480. மூணு விட்டா 440. நாப்பது ரூவா வித்தியாசத்துக்கு நல்லவனா இருக்கலாம், அதானே?” பொட்டலத்தில் வேறு சில நல்ல பொருள்களும் இருக்கும் என்று பையன் சொன்னதும், “அப்ப லாபமே” என்றார்.

அந்தப் பக்கத்தை அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். இனி கணக்கர் என்ன செய்வார் என்பதை ஒவ்வொரு இரவும் இருபது முக டைஸ் முடிவு செய்யட்டும் என்றேன். ஒன்று முதல் ஐந்து வரை விழுந்தால் ஓடப் பார்ப்பார், பதினாறுக்கு மேல் என்றால் ஏதாவது உதவி, நடுவில் விழுந்தால் சும்மா இருப்பார். டைஸை எல்லோரும் பார்க்க உருட்டுவேன்.

அப்புறம்தான், ஆட்டத்தைத் தொடங்க, சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டேன். “இன்னிக்கு ராத்திரி இவரு எங்க படுப்பாரு?”

யாரும் அதை யோசித்திருக்கவில்லை. சிறை இல்லை. சபையில் ஒப்படைக்கவும் முடியாது. அவிழ்த்துவிட்டால் நேரே கொள்ளையர்களிடம் போவார், அல்லது அவர்கள் வந்து கொல்வார்கள். கூடவே கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். யார் காவல்? கட்டிப்போட்டே நடக்கவைப்பதா? சாப்பாடு? நான்கு பேருக்கு ஆறு நாள் சாப்பாடு இருந்தது, ஐந்து பேருக்கு எத்தனை நாள் என்று எல்லோரும் கணக்குப் போட்டார்கள். அவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று நர்ஸ் கேட்டார். தெரியும் என்றேன். இருபது வருடம் தனியாகச் சாவடியில் இருந்த மனிதர், தெரியாமலா. சரி, சமையல்காரர் ஆக்கிவிடலாம் என்று பாலடின் முடித்தான்.

“என் ஆளு இன்னிக்கு ராத்திரி தனியா அடுப்பு மூட்டிக்கும்,” என்றார் டீச்சர். குரல் ஏறவில்லை. “அவன் கை பட்ட சோறு அவளுக்கு இறங்காது. நாளைக்குக் காலைல அவ போயிருவா. நீங்க யாரும் பார்க்காதப்ப.”

ஒர்க்ஷாப் தம்பிக்கு அப்போது முகம் மாறியதை நான் கவனித்தேன். ஆட்டம் முடிந்து ஷட்டரை இறக்கும்போது நின்று பேசினான். 2009-இல் வந்த, பயோவேர் உருவாக்கிய ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ என்ற கணினி விளையாட்டு அவனுக்கு உயிர். அதில் லோகெயின் என்று ஒரு தளபதி. பழைய விடுதலைப் போரின் நாயகன். ஆனால் ஓஸ்டகர் போரில் துணைக்கு வர வேண்டிய நேரத்தில் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். ராஜாவும், அரக்கப் படையை எதிர்க்கும் கிரே வார்டன் வீரர்களும் செத்து விழுகிறார்கள். பழியைத் தப்பியவர்கள் மேலேயே போடுகிறான். படைக்குப் பணம் வேண்டும் என்று சொந்த நாட்டு எல்ஃப்களை அடிமை வியாபாரிகளிடம் விற்க இடம் கொடுக்கிறான். கடைசியில் பிரபுக்களின் சபையில் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டையில் நீங்கள் அவனைத் தோற்கடிக்கிறீர்கள். அப்போது ஒரு மூத்த வார்டன் ஒரு யோசனை சொல்கிறார்: கொல்லாதே, இவனையும் வார்டன் ஆக்கு, எதிரே இருக்கும் போருக்கு ஆள் வேண்டும். புத்திசாலித்தனமான யோசனை. எடுத்துக்கொண்டால் அவனே கடைசிப் போரில் உயிரைக் கொடுத்து நாட்டைக் காப்பாற்றவும் கூடும்.

ஆனால் பக்கத்தில் உங்கள் அணித் தோழன் அலிஸ்டர் நிற்கிறான், அவனும் வார்டன். ஓஸ்டகரில் செத்த வார்டன் தலைவர் அவனை வார்டனாகச் சேர்த்துக்கொண்டவர், அவனுக்குத் தகப்பன் மாதிரி. லோகெயினை விட்டால் அலிஸ்டர் கத்துகிறான், அவமானம் என்கிறான். முன்னேற்பாட்டைப் பொறுத்து அவன் ராஜா ஆகலாம், நாடு விட்டே போகலாம், இன்னும் மோசமாகவும் முடியலாம். எந்த வழியில் போனாலும் உங்கள் அணியில் அதற்குமேல் இருக்கமாட்டான்.

“நான் நாலு தடவ முடிச்சிருக்கங்ணா. நாலு தடவையும் லோகெயின வெட்டிட்டேன். அலிஸ்டர விட மனசு வரல. இங்க மட்டும் எப்படிங்ணா கைய தூக்குனேன்?”

கொஞ்ச நேரம் அவனே யோசித்துவிட்டுச் சொன்னான். “அலிஸ்டர் கத்துவாங்ணா. டீச்சர் கத்தலீல்ல.”

என் தப்பு எனக்கு விளங்கிய இடம் இது. கணினி விளையாட்டில் வஞ்சிக்கப்பட்டவனுக்கு எழுத்தாளர் வசனம் எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் விடுவதாகச் சொன்ன மறு நொடி அவன் குறுக்கே வந்து நிற்பான், அதைக் கேட்காமல் அடுத்த திரைக்குப் போக முடியாது. மேசையில் அந்த ஆள் ஒரு மனிதர். அவருக்கு மரியாதை தெரியும், நர்ஸுக்குக் காலை ஷிஃப்ட் இருப்பது தெரியும், நாலு பேர் சந்தோஷமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கக்கூடாது என்றும் தெரியும். நான் கை தூக்கச் சொன்னேன். அண்ணனைப் பறிகொடுத்தவளுக்கும் ஒரு ஓட்டு, எக்ஸ்பி உண்டா என்று கேட்டவனுக்கும் ஒரு ஓட்டு. கணக்கர் யாருக்குக் கடன்பட்டிருந்தாரோ அவரைத் தவிர மற்ற மூன்று பேர் சேர்ந்து கடனைத் தள்ளுபடி செய்தோம். அதற்கு மன்னிப்பு என்று வேறு பெயர் வைத்துக்கொண்டோம்.

பாலத்தைப் பற்றி நோட்டில் எழுதியிருந்தது இதன் பக்கத்தில் சின்ன விஷயம்.

அந்த வாரம் நானும் நர்ஸும் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் விடவில்லை. எதிரியைச் சேர்த்துக்கொள்வது நம் ஊர் வழக்கம்தானே என்றார். உண்மைதான். சூரசம்ஹாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் நடப்பது வேலைக்குச் சேர்ப்பது; சூரன் மயிலும் சேவலுமாகி வாகனத்துக்கும் கொடிக்கும் போய்விடுகிறான். இந்தப் பக்கம் வாவர் கதை. ஐயப்பனோடு மோதிய கடற்கொள்ளைக்காரன் என்று ஒரு சொல்வழக்கு, அப்புறம் தோழன். இன்றைக்கும் எருமேலியில் பேட்டை துள்ளுகிற சாமிகள் வாவர் பள்ளிவாசலுக்குப் போய்விட்டுத்தான் மலைக்கு நடக்கிறார்கள். இதை நான் ஆட்டத்துக்கு முன்னால் டீச்சரிடம் சொன்னேன், கொஞ்சம் சமாதானம் செய்கிற நோக்கமும் இருந்தது.

“நல்ல கதைதானுங்க,” என்றார். “வாவர்கிட்ட பறிகொடுத்த வியாபாரி அப்புறம் எங்க போனான்?”

கதையில் இல்லை. தேடிப் பார்த்தால் வேறு எந்தக் கதையிலும் அந்த வியாபாரி இல்லை. சேர்த்துக்கொண்டவரின் பெருமை இருக்கிறது, சேர்ந்தவரின் பக்தி இருக்கிறது. (எங்கள் சித்தூரில் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு விழா உண்டு: கொங்கன்படை. கொங்கு ராஜா படையெடுத்து வந்து பகவதியால் தோற்கடிக்கப்பட்டதை வருடா வருடம் கும்ப மாதத்தில் கொண்டாடுகிறார்கள். கொங்குத் தமிழ் பேசுகிற நாங்களும் நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போய் எங்கள் தோல்வியைப் பார்த்துவிட்டு வருவோம். யாருக்கும் வருத்தம் இல்லை, பலகாரம் நன்றாக இருக்கும்.)

பதினாறாவது செஷனில் டீச்சர் வந்தார், ஆனால் ஷீட்டைத் திறக்கவில்லை. திருடி பின்னால் எங்கோ வருகிறாள், நெருப்புப் புகை மட்டும் தூரத்தில் தெரிகிறது என்று வைத்துக்கொண்டோம். அன்று இரவுக்கு டைஸ் உருட்டினேன். நான்கு. கணக்கர் கட்டை அறுத்துக்கொண்டு ஓடினார். காவலுக்கு இருந்தது வில்லாளி. பையன் அம்பை நாணில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான், அப்புறம் டீச்சரைப் பார்த்தான். “டீச்சர், விடட்டுமா?” எந்த விடுவது என்று எனக்கே புரியவில்லை, அம்பையா ஆளையா. அதுவரை இந்த வழக்கில் டீச்சரிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. பையனுக்கு வயது பதினேழு.

“இருட்டுல எவ்வளவு தூரம் போவான்?” என்றார் டீச்சர். “ரெண்டு பக்கமும் சாவடிதான. புடிச்சுக் கட்டுங்க. எனக்கு அவன்கிட்ட ஒரு வேல இருக்கு.”

பதினேழாவது செஷனில் திருடி முகாமுக்குள் வந்தாள். ஏட்டை எடுத்து, வண்டிப்பேட்டை எரிந்த நாளின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார் டீச்சர். நான் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்: வண்டி 4, மாடு 8, ஆள் 11. அவ்வளவுதான். சாவடி ஏடு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதியது.

“பேரு?”

கணக்கருக்கு மூன்று பேரைத்தான் தெரியும். அடிக்கடி வந்து போகிற வண்டிக்காரர்கள். மற்ற எட்டுப் பேர் எண்ணிக்கை.

டீச்சர் தன் நிபந்தனையைச் சொன்னார். தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார், சிவப்பு மையில். பதினோரு பேரின் பெயரும் ஊரும் தெரியும்வரை கணக்கர் உயிரோடு இருப்பார், இவர்களோடு நடப்பார். ஒவ்வொரு ஊருக்கும் அவரே போய், அந்த வீட்டு வாசலில் நின்று, நான் யார் என்று சொல்லிப் பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு இரவும் சாப்பிடுவதற்கு முன் தெரிந்த பெயர்களைச் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலாவது அவரை அடித்தால் தடுக்கக்கூடாது. கொல்ல வந்தால் தடுக்கலாமா என்பதை அந்தந்த வாசலில் முடிவு செய்துகொள்ளலாம். பதினோராவது பெயர் கிடைத்த பிறகு, அவரை என்ன செய்வது என்று அவள் சொல்வாள். கை தூக்குவது கிடையாது.

பாலடின் முதலில் ஒத்துக்கொண்டான். நர்ஸ் கொஞ்சம் யோசித்தார், அடிப்பதைத் தடுக்கக்கூடாது என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அடித்த பிறகு மருந்து போடலாமா என்று கேட்டார். போடலாம் என்றார் டீச்சர்.

நான் கட்டி வைத்திருந்த கதை, கொள்ளையர் தலைவன், பாலம், மலைக்கோட்டை எல்லாம் அப்படியே நோட்டில் கிடக்கிறது. பதினெட்டாவது செஷன் முழுக்க இரண்டு ஊர், நான்கு வாசல். ஒரு வாசலில் கிழவி கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே இருந்து பெயரை மட்டும் சொன்னாள். அந்தக் குரலை நான் எடுத்தபோது பையன் டைஸோடு விளையாடுவதை நிறுத்திவிட்டான். இன்னொரு வீட்டில் கணக்கரை அடையாளம் தெரிந்துகொண்டு காலில் விழுந்தார்கள், ஏனென்றால் அவர்கள் உப்பு மூட்டையாக மலை தாண்டியவர்கள். மகன் செத்தது யாரால் என்று அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். அந்த வீட்டில் அவரை யாரும் அடிக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திருடி வெளியே நின்றாள்.

இப்போது ஏழு பெயர் வந்திருக்கிறது. எட்டாவது ஆள் ஒரு வண்டிக்காரரின் மருமகன் என்று மட்டும் தெரியும். அவன் ஊர் அடுத்த ராஜ்யத்தின் சாவடிக்கு அந்தப் பக்கம். கோடாலியும் வில்லும் தூக்கிய நான்கு பேரையும் ஒரு கைதியையும் அந்தச் சாவடியில் விடமாட்டார்கள். தாண்ட ஒரு வழி இருக்கிறது. ஐந்து பேரையும் உப்பு மூட்டை என்று எழுதிய சீட்டு. அப்படி எழுத அந்த மேசையில் ஒருவருக்குத்தான் தெரியும்.

எழுதச் சொல்வதா என்று டீச்சர் இன்னும் சொல்லவில்லை. ஓணப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று இரண்டு வாரம் லீவு கேட்டிருக்கிறார்.